கார் துடைக்கும் துவாலைகள்: உறையில் இருந்த எண்ணும் தராசு காட்டிய எண்ணும்

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நான் குடியிருக்கும் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காவது தளத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துணிக்கு அடியிலிருந்து நகத்தால் சிலேட்டைக் கீறியது போன்ற மெல்லிய ஒலி ஒன்று வந்தது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தூணின் மேல் அப்போது கை இருந்தது. எடுத்துப் பார்த்தால், ஒரு விரற்கடை நீளத்துக்கு மூன்று வெள்ளைக் கோடுகள். துவாலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது: ஓரத்தில் நைலான் நூலால் இறுக்கித் தைத்திருந்த சலவைக் குறிப்புச் சீட்டின் மடிப்பு முனை, காய்ந்த அட்டைபோல் விறைத்து நின்றது. இணையக் கடை ஒன்றில் பன்னிரண்டு துவாலைகள் 15 வெள்ளிக்குக் கிடைக்கின்றனவே என்று மகிழ்ந்து வாங்கிய கட்டு அது. உறையின் மேல் துணியின் எடையளவாக ‘500 ஜிஎஸ்எம்’ என்றும் ‘தொழில்முறைத் தரம்’ என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அந்தக் கோடுகளைப் பார்த்த எரிச்சலில் தொடங்கியதுதான் இந்த ஆய்வு. அதன் பின்னர் எட்டு மாதங்களில், சொந்தக் காசில், ஆறு வகையான மைக்ரோஃபைபர் துவாலைகளை வாங்கி, ஒரே காரில், ஒரே கார் நிறுத்துமிடத்தில், ஒரே சலவை இயந்திரத்தில் துவைத்துப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரு துணிக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணம் 106,000 வெள்ளியைத் தொட்டது. பத்து ஆண்டுகளுக்கு ஒரு காரை வைத்திருக்கும் உரிமைக்கு மட்டுமே அவ்வளவு கொடுக்கும் ஊரில், அந்தக் காரின் மேல்பூச்சு பத்து ஆண்டுகளும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. காரின் வண்ணத்துக்கு மேல் பூசியிருக்கும் நிறமற்ற கிளியர் கோட் என்னும் படலம் பெரும்பாலான கார்களில் 40 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிட அது குறைவு. மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் தேய்ந்து போகிறது. ஆகவே கீறலை நீக்குவதற்கு ஆகும் செலவைவிட, கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகவும் சிறியது.

முதலில், மைக்ரோஃபைபர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் உறையில் இருப்பதைப் படித்துப் பயனில்லை. இழையின் நுண்மையை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். அதாவது ஈசூனிலிருந்து பீஷான் வரை நீட்டக்கூடிய நூலை உருட்டினால் ஒரு கிராம்தான் தேறும். அதற்கும் கீழான நுண்மையுள்ள செயற்கை இழையே மைக்ரோஃபைபர். ஜப்பானின் டோரே நிறுவனத்தில் பணியாற்றிய மியோஷி ஒகாமோட்டோ இத்தகைய இழையைக் கொண்டு 1970இல் செயற்கை மான்தோல் துணியை உருவாக்கினார். துடைக்கும் துணிகள் பின்னால் வந்தவை. இன்று நாம் வாங்கும் துவாலையில் பாலியெஸ்டரும் பாலியமைடும் ஒரே இழையாக, வெட்டிய ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் போல அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஆலையில் இரசாயன முறையில் அந்தச் சுளைகளைப் பிரித்துவிடுவார்கள். பிரிந்த சுளைகளின் கூரான விளிம்புகள் அழுக்கை வழித்தெடுக்கின்றன; சுளைகளுக்கு இடையிலான நுண்ணிய இடுக்குகள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பிரிக்காமல் விட்ட இழையும் மைக்ரோஃபைபர் என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகிறது. தொட்டால் பட்டுப்போல் வழுக்கும். ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர உறிஞ்சாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இரண்டு உண்டு. துவாலையை உள்ளங்கையில் வைத்து மெல்ல இழுத்தால், பிரிந்த இழை தோலின் சொரசொரப்பில் பற்றிப் பற்றி வரும். சமையல் வேலையால் கை காய்ந்தவர்களுக்கு அந்த உணர்வு பிடிக்கவே பிடிக்காது. இரண்டாவது, ஒருமுறை துவைத்து உலர்த்திய துவாலையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. நல்லதில் சொட்டு விழுந்த கணமே மறையும். நான் சொன்ன பன்னிரண்டு துவாலைக் கட்டில், சொட்டு முத்துப்போல் உருண்டு நின்று, நான் தேநீர்க் குவளையை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பும்வரை அப்படியே இருந்தது. புதுத் துணியில் ஆலைப்பசை இருக்கக்கூடும் என்பதால் இரண்டாம் முறையும் துவைத்துப் பார்த்தேன். முத்து கொஞ்சம் தட்டையானதே தவிர மறையவில்லை.

உறைகளில் காணப்படும் 80/20, 70/30 என்ற எண்கள் பாலியெஸ்டர், பாலியமைடு ஆகியவற்றின் பங்கைக் குறிப்பவை. பாலியமைடு கூடினால் நீரை ஈர்க்கும் தன்மையும் மென்மையும் கூடும், விலையும் கூடும். கொரியாவில் நெய்யப்படும் நல்ல துவாலைகள் பலவும் 70/30 கலவையாக இருப்பதால், அந்த எண்ணைக் கண்டதும் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. என் கையில் உள்ளவற்றில் ஒழுங்காகப் பிரித்து நெய்த 80/20 துவாலை ஒன்று, அலட்சியமாக நெய்த 70/30 துவாலை ஒன்றைவிடச் சிறப்பாகவே வேலை செய்கிறது. கலவை எண்ணை வீட்டில் சோதிக்கவும் முடியாது; விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. ஜிஎஸ்எம் எண் அப்படிப்பட்டதன்று. அதைச் சோதிக்க ஒரு தராசும் ஓர் அளவுநாடாவும் போதும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கிறது. வழக்கமான துவாலை 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். அதன் பரப்பு 0.16 சதுர மீட்டர். எனவே 350 ஜிஎஸ்எம் என்று சொன்னால் அது 56 கிராம் இருக்க வேண்டும். 500 என்றால் 80 கிராம். என் மனைவி கேக் மாவு நிறுக்கும் மின்தராசை ஒரு மாலை கடன் வாங்கி, வீட்டில் இருந்த எல்லாத் துவாலைகளையும் உலர்ந்த நிலையில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். பன்னிரண்டு துவாலைக் கட்டில் எடுத்த ஒன்று 49 கிராம்தான் இருந்தது. அளவுநாடாவை வைத்தால் 40க்கு 40ம் இல்லை, 38.5க்கு 39. வகுத்துப் பார்த்ததில் 326 ஜிஎஸ்எம் வந்தது. அதாவது உறையில் அச்சிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காற்றில் போய்விட்டது. பேரங்காடியில் வாங்கிய 30 சென்டிமீட்டர்ச் சதுரத் துணி 22 கிராம், அதாவது 244 ஜிஎஸ்எம். அதன் உறையில் எந்த எண்ணும் இல்லை என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். 350 என்று குறித்திருந்த கொரியத் துவாலை 57 கிராம் இருந்தது, கணக்கிட்டால் 356. நியாயமான வியாபாரம் என்று மனம் குளிர்ந்தது.

ஆனால் எடையைச் சரிபார்ப்பது விற்பவரின் நேர்மையைச் சோதிக்கத்தானே தவிர, எடை கூடினால் துவாலை சிறந்தது என்று பொருளாகாது. இந்த இடத்தில்தான் நான் நிறையப் பணத்தை வீணாக்கினேன். மெழுகையோ மெருகுத் திரவத்தையோ துடைத்தெடுப்பதற்குத் தடித்த துவாலை பயன்படாது; அது திரவத்தை வழிப்பதற்குப் பதிலாகப் பரப்பிவிடும், கைக்கும் பரப்புக்கும் இடையே ஒரு மெத்தையைப் போட்டதுபோல அழுத்தம் எங்கே விழுகிறது என்றே தெரியாது. அந்த வேலைக்கு 300 முதல் 400 வரை உள்ள, ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் சற்று நீண்டும் இழை கொண்ட துவாலைதான் கைக்கு வாகானது. குட்டைப் பக்கத்தால் மெழுகை எடுத்துவிட்டு, நீண்ட பக்கத்தால் மினுக்கலாம். இறுதியாகத் தூசு தட்டித் திரவம் தெளித்து மினுக்கும் வேலைக்கு மட்டும் 500 அளவிலான அடர்த்தி தேவைப்படும். அமெரிக்காவின் தி ரேக் கம்பெனி விற்கும் ஈகிள் எட்ஜ்லெஸ் 500 என்பது அந்த வகை. பெயரிலேயே எடையைச் சொல்லிவிடுகிறார்கள். அதில் இரண்டு வைத்திருக்கிறேன். இருபுறமும் நாய்க்குட்டியின் காது போல மென்மையாக இருக்கும். தினசரி வேலைக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. கழுவி முடித்த பிறகு பானெட்டையும் கதவுகளையும் ஒரு சுற்று மினுக்க மட்டும் எடுக்கிறேன்.

எடையைவிட முக்கியமானது ஓரம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், காக்கி புக்கிட் வட்டாரத்தில் கார் மெருகூட்டும் கடை ஒன்றில் வேலை பார்க்கும் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். அந்தக் கறுப்புத் தூணின் கீறலைக் காட்ட அங்கே போயிருந்தேன். கட்டிலிருந்து ஒரு துவாலையையும் கையோடு எடுத்துச் சென்றிருந்ததால், இதில் என்ன குறை என்று கேட்டேன். அவர் அதைக் கையால் தடவக்கூட இல்லை. “அண்ணே, கையெல்லாம் காப்புக் காச்சுக் கெடக்கு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. உதட்டுல ஓட்டிப் பாருங்க, ஓரம் எப்படின்னு அதுவே சொல்லிரும்,” என்றார். கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, துவாலையின் ஓரத்தை உதட்டில் வைத்து இழுத்தேன். நடுப்பகுதி ஒன்றும் செய்யவில்லை. ஓரத் தையலுக்கு வந்ததும் மீன்பிடி நரம்பு உரசியது போல் எரிந்தது. அதன் பிறகு அவருடைய துவாலையைக் கொடுத்தார். அதில் தையலே இல்லை. ஓரம் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது.

தையலற்ற ஓரத்தை மீயொலி அலையாலோ வெப்பத்தாலோ வெட்டி எடுக்கிறார்கள். சரியாக வெட்டினால் இழைகள் ஓரம் வரை மென்மையாகவே இருக்கும். அவசரமாக வெட்டினால் உருகிய இழை இறுகி, மணிமணியாகத் திரண்டு நிற்கும், அது தையலைவிட மோசம். உதட்டுச் சோதனை இரண்டுக்கும் பொருந்தும். பட்டுத் துணியைப்போல வழவழப்பான நாடா வைத்துச் சுற்றிலும் தைத்த ஓரங்களும் உண்டு. முதல் ஐந்தாறு சலவை வரை நன்றாகவே இருக்கின்றன. பிறகு நாடா சுருங்கி, துவாலை கிண்ணம்போல் குவிந்துகொள்கிறது. எனவே தையலற்ற ஓரமே என் முதல் தேர்வு. சலவைக் குறிப்புச் சீட்டு இருந்தால், பயன்படுத்துவதற்கு முன் அதை வெட்டாமல், தையலைப் பிரித்து முழுவதுமாக நீக்கிவிட வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் தையலில் ஒட்டிநிற்கும் மிச்சம் இன்னும் கூர்மையாகிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். பழைய பாடல் குறுந்தட்டு ஒன்று காரின் கையுறைப் பெட்டியில் கிடந்தால், அதன் மினுங்கும் பக்கத்தைத் துவாலையால் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தித் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது நல்ல சோதனை. அந்தப் பிளாஸ்டிக் கார்ப் பூச்சைவிட மென்மையானது. அதையே கீறாத துவாலை காரைக் கீறாது.

நீரை உலர்த்தும் துவாலை தனி விவகாரம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. மழை நின்ற அரை மணி நேரத்தில் வெயில் வந்து பானெட்டைச் சூடாக்குகிறது. உலரும் சொட்டு தன்னிலுள்ள தாது உப்புகளை வட்டமாக விட்டுச் செல்வதால், கழுவிய காரைக் காயவிடுவது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. முன்பு எல்லாரையும் போல நானும் ஷாமி எனப்படும், மான்தோல் போன்ற வழவழப்பான மஞ்சள் நிறச் செயற்கைத் துணியைப் பயன்படுத்தினேன். அது தண்ணீரை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் வழவழப்பான பரப்புக்கும் ஷாமிக்கும் நடுவே மணல்துகள் ஒன்று மாட்டிக்கொண்டால் அது போவதற்கு இடமில்லாமல் கார் முழுவதும் கோடு இழுத்துக்கொண்டே போகும். மைக்ரோஃபைபரின் இழைகளுக்கிடையே அந்தத் துகள் உள்ளே இறங்கிவிட இடம் உண்டு. இங்கே அதுதான் முதன்மையான வேறுபாடு.

இதற்கென்று முறுக்கிய வளையங்களாக நெய்த பெரிய துவாலைகள் வந்திருக்கின்றன. நான் வாங்கியது 60க்கு 90 சென்டிமீட்டர், 1,200 ஜிஎஸ்எம் என்று குறித்தது, 32 வெள்ளி. தராசில் 612 கிராம், அதாவது 1,133 ஜிஎஸ்எம். ஏறக்குறைய சொன்ன எடைதான். இரண்டு முனைகளையும் பிடித்து பானெட்டின் மேல் விரித்து, அழுத்தாமல் மெல்ல இழுத்தால் போதும், பின்னால் ஒரு சொட்டு மிஞ்சாது. முழுக் காரையும் பிழியாமலே உலர்த்தி முடித்த பிறகு நிறுத்தபோது 1,390 கிராம் காட்டியது. அதாவது தன் எடையைவிடக் கூடுதலான நீரைத் தாங்கிக்கொண்டும் இன்னும் துடைக்கும் நிலையில் இருந்தது. முதல் இரண்டு மாதங்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன்.

மூன்றாவது மாதம் தொடர் மழையோடு வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் துணி உலர்த்த நமக்கு இருப்பது சமையலறைக்கு வெளியே உள்ள கழிகளும், மழை வந்தால் வீட்டுக்குள் வைக்கும் மடக்குக் கொடியும்தான். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊரில், அறுநூறு கிராம் எடையுள்ள தடித்த துணி வீட்டுக்குள் ஓர் இரவில் காயவே காயாது. மறுநாள் மாலை தொட்டுப் பார்த்தால் வெளியே உலர்ந்தும் வளையங்களின் அடியில் சில்லென்றும் இருந்தது. அப்படியே மடித்து வைத்த இரண்டாவது வாரத்தில், காரின் பின்பெட்டியைத் திறந்ததும் நனைந்த கோணிப்பையின் வாடை அடித்தது. அந்த வாடை இரண்டு சலவைக்கும் போகவில்லை. குளிர்ந்த, வறண்ட நாடுகளில் வாழ்பவர்கள் காணொளிகளில் இத்துவாலைகளைப் புகழும்போது, இந்தச் சிக்கல் அவர்களுக்கு இல்லை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் குறைந்த வெப்பத்தில் போட்டு எடுக்கலாம். அவர்களுக்கு முறுக்கு வளையத் துவாலையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை, தேன்கூடு போன்ற சதுரக் குழிகளுடன் நெய்த வாஃபிள் துவாலை. 60க்கு 80 சென்டிமீட்டர் கொண்டது 12 வெள்ளிக்குக் கிடைத்தது. எடை 178 கிராம், அதாவது ஏறத்தாழ 370 ஜிஎஸ்எம். ஒரு காருக்கு ஒருமுறை பிழிய வேண்டியிருக்கிறது, வேறு குறை இல்லை. சலவை இயந்திரம் சுழற்றிப் பிழிந்த பிறகு நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குள்ளேயே காய்ந்துவிடுகிறது. இழை குட்டையானது என்பதால் அழுக்கை உள்வாங்கும் ஆழம் குறைவு. எனவே காரை நன்றாகக் கழுவிய பிறகே அதைத் தொட வேண்டும். எட்டு மாதக் கணக்கில், விலைக்கும் பயனுக்கும் ஒத்துப்போன பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கழுவுவது பற்றி ஒரு சொல். கார் நிறுத்துமிடத்தில் நீர்க்குழாய் போட்டு அலசும் வசதி நம்மில் பலருக்குக் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, அலசாமலே துடைத்தெடுக்கும் திரவங்களை நம்பித்தான் வாரம் ஓட்டுகிறோம். இம்முறையில் துவாலைதான் எல்லாமே. எட்டுத் துவாலைகளை வாளியில் ஊறவைத்து, ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, இரண்டு முறை மடித்தால் உள்ளங்கை அளவில் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு கதவுக்கு ஒரு முகம். அழுக்கான முகத்தை உள்ளே திருப்பிவிட்டு அடுத்ததை எடுப்பது. எட்டும் தீர்ந்த துவாலையை மறுபடி வாளிக்குள் விடாமல் தனியாகப் போடுவது. 40 சென்டிமீட்டர்ச் சதுரம் நிலையான அளவாக நின்றதற்கு இந்த மடிப்புதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 30 சென்டிமீட்டர்த் துணியை அப்படி மடித்தால் விரல்கள் வெளியே வந்துவிடுகின்றன. இதற்கு 350 முதல் 400 வரையிலான, இரு பக்கமும் சற்று நீண்ட இழையுள்ள, தையலற்ற துவாலை ஏற்றது. சாலைத் தூசியில் கலந்திருக்கும் மணல் கார்ப் பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. இழை நீளமாக இருந்தால்தான் அது பரப்பை விட்டு விலகி உள்ளே இறங்கும். மைனாக்களின் எச்சமும், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் விழும் பிசினும் வேறு கதை. அவற்றின் மேல் ஈரத் துவாலையை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்த பிறகு தூக்கியெடுக்க வேண்டும். தேய்த்தால் எந்தத் துவாலையும் காப்பாற்றாது.

கண்ணாடிக்குக் குட்டை இழையுள்ள, மீன் செதில் போன்ற நெசவுகொண்ட துணி ஒன்று தனியாக இருந்தால் போதும். செராமிக் கோட்டிங் என்னும் பாதுகாப்புப் படலத்தைக் காரில் பூசுபவர்கள் அதைத் துடைத்தெடுத்த துவாலையைத் துவைத்து மீண்டும் பயன்படுத்த முயலக் கூடாது. துணியில் தங்கிய கோட்டிங் கண்ணாடித்தூள்போல் இறுகிவிடும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மலிவான, ஆனால் மென்மையான துவாலையை வாங்கி, முடிந்ததும் எறிந்துவிடலாம்.

துவைப்பதில் நடந்த விபத்தையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நான் வெளியூர் போயிருந்தபோது, என் அம்மா, பிள்ளை அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டானே என்று, ஊறவைத்திருந்த கார்த் துவாலைகளை எல்லாம் எடுத்து, குளியல் துண்டுகளோடு சேர்த்து, வாசனைக்காகத் துணி மென்மையாக்கியும் ஊற்றித் துவைத்து, அழகாக மடித்து அடுக்கி வைத்துவிட்டார். வந்து பார்த்தால் வீடெல்லாம் மல்லிகை மணம். ஒவ்வொரு துவாலையிலும் பருத்தித் துண்டின் பஞ்சு, வெண்பூஞ்சணம் பிடித்ததுபோல் அப்பியிருந்தது. மேசையில் கொட்டிய தண்ணீரை அதில் ஒன்றால் துடைத்துவிட்டு அம்மாவே வியந்தார்: “என்னப்பா இது, இம்புட்டு வெலை குடுத்து வாங்குனேன்னு சொன்ன, தண்ணிய வாங்கவே மாட்டேங்குது?” துணி மென்மையாக்கி இழைகளின் மேல் மெழுகுபோல் படிந்து, நீர் புகும் இடுக்குகளை அடைத்துவிடுகிறது என்பதை அவரிடம் விளக்க எனக்கு மனம் வரவில்லை. திரவச் சோப்பை மட்டும் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகு உறிஞ்சும் தன்மை பெருமளவு திரும்பியது. பஞ்சு முழுவதுமாகப் போகவே இல்லை. உட்கார்ந்து கையால் பொறுக்கினேன். துணி வெளுக்கும் திரவமும் கொதிக்கும் தண்ணீரும் இதே அளவுக்குக் கெடுதல். பாலியெஸ்டர் உருகுவதற்கு 250 பாகைக்கும் மேல் வெப்பம் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்னதாகவே, கொதிநீர் வெப்பத்திலேயே இழையின் நுனி விறைத்துவிடும். உலர்த்தும் இயந்திரத்தில் முழு வெப்பத்தில் வைத்துக் கெடுத்த துவாலையை உதட்டில் வைத்தால் உடனே தெரியும்.

இப்போது துவாலைகளை நிறத்தால் பிரித்து வைத்திருக்கிறேன்: பூச்சுக்கு மஞ்சள், கண்ணாடிக்கு நீலம், ரிம்முக்கும் டயருக்கும் சாம்பல். சிவப்பும் கருநீலமும் முதல் சலவையில் சாயம் விடுகின்றன. வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் புதுத் துவாலையை வெள்ளை வாளியில் ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. காக்கி புக்கிட் கடையில் ஒரு விதி இருக்கிறது, “தரையைத் தொட்டது டயருக்கு” என்று. பூச்சுக்கான துவாலை கைதவறித் தரையில் விழுந்தால், எவ்வளவு புதியதாக இருந்தாலும், அங்கேயே மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி குத்தி டயர்க் கூடைக்குப் போட்டுவிடுவார்கள். முதலில் இது மிகையாகத் தெரிந்தது. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் தரையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகு நானும் புள்ளி குத்தத் தொடங்கிவிட்டேன்.

இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், தையலற்ற 350 ஜிஎஸ்எம் கொரியத் துவாலை எட்டு, வாஃபிள் துவாலை ஒன்று, கண்ணாடித் துணி ஒன்று, மினுக்குவதற்கு 500 ஜிஎஸ்எம் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கொரியத் துவாலையை ஒன்று 8 வெள்ளி வீதம் வாங்கினேன்; எல்லாம் சேர்த்து நூறு வெள்ளியை ஒட்டி வரும். கடையில் வாங்குவதானால் உறையைப் பிரித்துத் தொட்டுப் பார்க்க விடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதானால் முதலில் ஒரே ஒன்றை வரவழைத்து, நிறுத்து, அளந்து, உதட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

அந்தப் பன்னிரண்டு துவாலைக் கட்டில் நான்கு டயருக்குப் போய்விட்டன, மூன்று எஞ்சின் பகுதியைத் துடைக்க, இரண்டு காலணி அலமாரிக்கு. மீதி மூன்றையும் அம்மா எடுத்துக்கொண்டார். தண்ணீரை வாங்காவிட்டாலும் சமையலறை அடுப்புச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கை அவை நன்றாக எடுக்கின்றனவாம்.